ஐம்பத்தாறு டிகிரிக்காரர்

கால்நடை நோய் ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐம்பத்தாறு என்பார்கள். அது வயது அல்ல. அவருடைய மேஜையில் ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. அதன் சூடு எந்நேரமும் ஐம்பத்தாறு டிகிரி. சோதனைக்கு வரும் குதிரை ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, அரைமணி நேரம் அந்தத் தொட்டியில் வைத்து எடுப்பது அவர் வேலையின் முதல் படி. கழுதைகளுக்கு மட்டும் அறுபத்துமூன்று. "கழுதைன்னா கொஞ்சம் கூடத்தான் சூடு காட்டணும்" என்பார். சொல்லும்போது யாரைப் பார்க்கிறார் என்று கவனித்துக்கொள்வது அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் பழக்கம்.

ஏன் இந்தச் சூடு என்று யாராவது கேட்டுவிட்டால் மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும். கேட்டவர் அன்றைக்கு வேறு வேலை பார்த்த மாதிரிதான். மனிதரோ குதிரையோ, ரத்தத்துக்குள் முப்பதுக்கு மேற்பட்ட புரதங்கள் வேலைவெட்டி இல்லாததுபோல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் கல்லீரல் செய்து அனுப்புபவை. பாடப் புத்தகத்தில் நிரப்புப் புரதங்கள் என்று போட்டிருக்கும்; ஆய்வகத்தில் காம்ப்ளிமென்ட். தனித்தனியாகப் பார்த்தால் பரம சாது. ஆனால் உள்ளே நுழைந்த ஒரு கிருமியின்மேல் எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொண்டால் முதல் புரதம் விழித்துக்கொள்ளும். அது அடுத்ததை வெட்டி எழுப்பும். எழுந்தது அதற்கடுத்ததை எழுப்பும். ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி, 'இதைத் தின்னலாம்' என்கிற அடையாளத்தைக் கிருமியின் உடம்பு முழுக்க ஒட்டிவிடும். அதைப் பார்த்து வெள்ளணுக்கள் வந்து விழுங்கும். கடைசியாக வருகிற புரதங்கள் வட்டமாகக் கூடி உட்கார்ந்து கிருமியின் தோலில் ஓட்டையே போட்டுவிடும். அந்த வழியாகத் தண்ணீர் புகுந்து அது வெடித்துச் சாகும். இவ்வளவு ரவுடித்தனத்தையும் அடக்க ஐம்பத்தாறு டிகிரியில் அரைமணி நேரம் போதும்.

அவருடைய சோதனையே இந்த ரவுடிகளை வைத்துத்தான். கிளாண்டர்ஸ் என்று குதிரைகளுக்கு ஒரு பொல்லாத நோய் இருக்கிறது. மூக்கில் சளி ஒழுகும், நுரையீரல் புண்ணாகும், மனிதருக்கும் தொற்றும். இருப்பது உறுதியானால் ஊசி போட்டுக் குதிரையைக் கொன்றுவிட வேண்டும் என்பது சட்டம். அதைக் கண்டுபிடிக்க, ஐம்பத்தாறு முதலில் குதிரையின் சொந்தக் காம்ப்ளிமென்ட்டைச் சூட்டில் தீர்த்துக்கட்டுவார். அதற்குப் பதிலாகக் கினிப்பன்றியின் சீரத்திலிருந்து காம்ப்ளிமென்ட்டை அளந்து ஊற்றுவார். கூடவே நோய்க்கிருமியிலிருந்து எடுத்த சாறு. குதிரைக்கு நோய் இருந்தால் அதன் எதிர்ப்பொருளும் கிருமிச் சாறும் கட்டிப் புரண்டு, ஊற்றிய காம்ப்ளிமென்ட் முழுவதையும் செலவழித்துவிடும். பிறகு ஆட்டின் சிவப்பணுக்களை, உடைவதற்குத் தோதாக அடையாளம் ஒட்டி, அதே குழாயில் விடுவார். காம்ப்ளிமென்ட் மிச்சம் இருந்தால் அணுக்கள் வெடித்துக் குழாய் முழுக்கச் சிவக்கும். குதிரைக்கு ஒன்றுமில்லை. மிச்சம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. அணுக்கள் அடியில் போய்ப் பொத்தான்போல் படிந்துவிடும். குதிரைக்கு நோய். ரகளை நடந்தால் நல்ல செய்தி, அமைதியாக இருந்தால் கெட்ட செய்தி.

இதை அவர் ஆய்வகத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வெளியிலும் அதே கணக்குத்தான். வாக்குவாதம் செய்கிறவனை நம்பலாம், பேசாமல் இருக்கிறவனிடம் ஏதோ இருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். மாடியில் குடியிருந்தவர், இவர் வாடகையை ஏற்றியதும் சத்தம் போடாமல் கொடுத்தபோது, அந்த ஆள் ஏதோ தப்புக் காரியம் செய்து பிழைக்கிறார் என்று முடிவுகட்டினார். மகள் ஒரு மாலை பேசாமல் சாப்பிட்டாள் என்பதற்காக அவளுடைய தோழிகள் மூன்று பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவளுக்குப் பல்வலி.

அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். தினமும் விடிகாலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பணிமனை வாசலிலேயே நாலடி ஓட்டி பிரேக் போட்டுப் பார்ப்பார்.

"நேத்து நல்லாத்தானே பிடிச்சுது, இன்னிக்கு எதுக்குப் பார்க்கணும்?" என்று இவர் ஒருமுறை கேட்டார்.

"நேத்து ஏறினவங்க நேத்தே இறங்கிட்டாங்க" என்றார் மனைவி. ஐம்பத்தாறு அதைக் கேட்டுச் சிரித்தார். மேலே யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டும். ஏனென்றால் அதே பிரேக்கை அவர் ஆய்வகத்தில் கழற்றி வைத்துவிட்டிருந்தார். ஒவ்வொரு சோதனையோடும் சில கன்ட்ரோல் குழாய்கள் வைப்பது முறை. அவற்றில் ஒன்று எந்தக் குதிரையுடையதும் அல்ல. காம்ப்ளிமென்ட்டும் ஆட்டு அணுக்களும் மட்டும் இருக்கும். அது கட்டாயம் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் காம்ப்ளிமென்ட் செத்துவிட்டது, அன்றைய சோதனை முழுவதும் குப்பை என்று அர்த்தம். சில வருடங்களுக்கு முன் ஆய்வகத்துக்குப் புதிதாக ஓர் இயக்குநர் வந்தார். கோழித் தீவனத்தில் பட்டம் வாங்கியவர். ஏசிக் குளிரில் எந்நேரமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பார்.

"இந்தக் குழா வருஷக்கணக்கா செவந்துக்கிட்டேதானே இருக்கு. புதுசா என்ன சொல்லப்போகுது? கினிப்பன்றி விக்கிற விலையில இது எதுக்கு?" என்று இயக்குநர் கேட்டார்.

வேறு யாராவது கேட்டிருந்தால் ஐம்பத்தாறு கடித்துக் குதறியிருப்பார். ஆனால் இயக்குநர் அடுத்த வாக்கியத்தில், "அதுவும் உங்க கை பட்ட சோதனைக்கு" என்று சேர்த்தார். அவ்வளவுதான், மனிதர் குளிர்ந்துபோனார். கன்ட்ரோல் நின்றது. அதற்குப் பிறகு அவருடைய பிரிவில் பிழை என்று ஒன்று பதிவாகவே இல்லை. பிழையைக் காட்டுகிற குழாயையே தூக்கிப்போட்டபிறகு எங்கிருந்து பதிவாகும்?

ஆகவே அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள்.

விழாவுக்கு ஒரு கேக் வந்தது. மேலே வெள்ளை எழுத்தில் 'பிழையற்ற சேவை'. அந்த ஆய்வகத்தின் உறைபெட்டியில் சாப்பாட்டுப் பொருள் வைக்கக்கூடாது என்பது ஐம்பத்தாறு போட்ட சட்டம். யாரோ ஒருத்தி தயிர்க் கிண்ணம் வைத்ததற்காக அவளைக் கண்ணீர் விடவைத்தவர் அவர். ஆனால் கேக்கில் கிரீம் உருக ஆரம்பித்திருந்தது. அது அவருடைய கேக். கினிப்பன்றிச் சீரப் புட்டிகள் இருந்த பெட்டியை வெளியே எடுத்து, கேக்கை உள்ளே தள்ளினார். மேஜை முழுக்கத் தட்டுகளும் பூங்கொத்துகளும். காலியாக இருந்தது ஒரே இடம். பெட்டியை அங்கே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனார்.

அந்த இடம் வெந்நீர்த் தொட்டியின் மூடி.

பேச்சுகள் நீண்டன. இயக்குநர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் புகழ்ந்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் சுவரில் ஏறியது. கேக் தீர்ந்தபிறகு ஐம்பத்தாறு பெட்டியை எடுத்தார். புட்டிகள் கையில் கதகதவென்று இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'ரூம் சூடுதான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உறைபெட்டிக்குள் வைத்து மூடினார். தன் கையில் ஒரு பொருள் கெட்டுப்போகும் என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை, அன்றைக்குப் பார்த்து.

அடுத்த வேலைநாளில் ஏழு குதிரைகளின் ரத்தம் வந்தது. ஆறு குதிரையேற்றக் கிளப்புக்குச் சொந்தம். வெளிநாட்டுப் போட்டிக்குப் போக நோயில்லை என்ற சான்று வேண்டும். ஏழாவது பூங்காவில் குழந்தைகளைச் சவாரி ஏற்றும் ஒரு கிழட்டுப் பெண்குதிரை. அதற்குக் குழந்தைகள் வைத்த பெயர் டீச்சர். முதுகில் சரியாக உட்காராத குழந்தையைத் திரும்பிப் பார்த்து, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டும்; நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் நகரும். பூங்கா உரிமத்தைப் புதுப்பிக்க அதற்கும் சான்று தேவைப்பட்டது. சவாரிக்காரம்மா அதைத் தானே நடத்திக்கொண்டு வந்து, ரத்தம் கொடுக்க வைத்து, முடிவு தெரியும்வரை ஆய்வகத்தின் பின்கொட்டகையில் கட்டினார். உலகத்தில் அவருக்கு இருந்த வருமானம், குடும்பம், பேச்சுத்துணை எல்லாம் அந்த ஒரு குதிரைதான்.

ஐம்பத்தாறு ஏழு குழாய்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஏழிலும் அடியில் பொத்தான். எதுவும் சிவக்கவில்லை.

வேறு எவனாவது இருந்தால் தன்னைச் சந்தேகப்பட்டிருப்பான். இவர் ஊரைச் சந்தேகப்பட்டார். "பெரிய தொத்து வந்திருக்கு" என்று இயக்குநரிடம் போய்ச் சொன்னார். குரலில் கவலையைவிடப் பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

சவாரிக்காரம்மா அவரை வராந்தாவில் மறித்தார். "சார், அது நல்லாத் தின்னுது, நல்லாத் தூங்குது. மூக்குல சொட்டுத் தண்ணி இல்ல."

"உள்ளுக்குள்ள இருக்கும்மா. வெளிய தெரியாது."

"உங்க குழாய் தப்பாச் சொல்லாதா சார்?"

ஐம்பத்தாறு சுவரில் தொங்கிய பத்திரத்தைக் கையால் காட்டினார். அந்தம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கொட்டகைக்குப் போய்விட்டார். பேசாமல் போகிறாரே, இவருக்கே விஷயம் தெரியும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் நம் மேதை.

கிளப் சும்மா இருக்குமா? அதன் தலைவர் யாருக்கோ போன் செய்ய, அவர் யாருக்கோ செய்ய, அந்த யாரோ இயக்குநருக்குச் செய்தார். உடனே புதிய கினிப்பன்றிகளிடமிருந்து ரத்தம் எடுத்து, ஆறு குதிரைகளுக்கும் மறுபரிசோதனை செய்ய உத்தரவு வந்தது. ஆறு குழாயும் குங்குமமாகச் சிவந்தன. இயக்குநர் சந்தோஷமாகச் சான்றுகளில் கையெழுத்துப் போட்டார். டீச்சருக்கு மறுநாள் காலை ஊசி என்று ஏற்கெனவே போன உத்தரவு அப்படியே நின்றது.

அந்த ஆறு சிவப்பைப் பார்த்ததும் ஐம்பத்தாறுக்கு உள்ளங்கையில் பழைய கதகதப்பு திரும்ப வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மனைவி சீருடைத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவரைப் பார்த்தார். "என்னங்க, சத்தத்தையே காணோம்? உங்க கணக்குப்படி பார்த்தா உங்ககிட்டதான் ஏதோ இருக்கு."

அவர் சொன்னார். தொட்டியின் மூடி, புட்டி, கேக், டீச்சர், எல்லாவற்றையும். முப்பது வருட வாழ்க்கையில் மனைவியிடம் இவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசியதில்லை.

"அந்தக் குழா ஒண்ணு வைப்பீங்களே, சும்மாவே செவக்கிறது. அது என்னாச்சு?"

"நிறுத்திட்டோம்."

"ஏன்?"

"எப்பவும் சரியாவே இருந்துச்சு."

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. இந்த ரவுடிப் புரதம் நம்ம உடம்பையே அடிச்சிரக் கூடாதுன்னு, ஒவ்வொரு செல்லுமேலயும் 'இது நம்மாளு, நிறுத்து'ன்னு சொல்ல ஒரு ஆள் உக்காந்திருக்கும்னு. உடம்பே கன்ட்ரோல் இல்லாம அதை நம்பல. நீங்க நம்பியிருக்கீங்க."

இத்தனை வருடமும் அவர் சாப்பாட்டு மேஜையில் நடத்திய பாடத்தை யாரும் கேட்கவில்லை என்றுதான் நினைத்திருந்தார். மனைவி கேட்டிருக்கிறார். அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

மறுநாள் வாசல் திறந்ததுமே போய், டீச்சரின் மிச்சச் சீரத்தைப் புதிய காம்ப்ளிமென்ட்டோடு வைத்தார். பக்கத்தில், வருடங்கள் கழித்து, ஒரு கன்ட்ரோல். இரண்டும் சிவந்தன. தொட்டிமேல் வெந்த பழைய புட்டியில் மிச்சமிருந்ததை வைத்து இன்னொரு கன்ட்ரோல். அதில் பொத்தான். கைக்குழந்தைக்குக்கூட விளங்கும் என்ற தைரியத்தில் மூன்றையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், தப்பு நடந்துபோச்சு. காம்ப்ளிமென்ட் செத்திருந்துச்சு. நான்தான் காரணம்."

இயக்குநர் கதவைச் சாத்தச் சொன்னார். "உங்களுக்குத் தப்பே வராதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப நீங்களே வந்து தப்புங்கறீங்க. அப்ப என் கையெழுத்து தப்பா?"

"கிளப் குதிரைங்களுக்கு மாத்தினோமே சார்."

"அது தப்பு இல்ல. அது மறுபரிசோதனை."

"டீச்சருக்கும் மறுபரிசோதனை பண்ணிட்டேன் சார். செவந்திருக்கு."

"யார் கேட்டாங்க? மறுபரிசோதனைன்னா யாராவது கேக்கணும். உரிமையாளர் கேட்டாங்களா?"

"அழுதாங்க சார்."

"அழறது வேற, கேக்கறது வேற." இயக்குநர் மூக்கை உறிஞ்சினார். "போய் வேலையைப் பாருங்க. ஊசி போடறவங்க வெளியூர்லேர்ந்து கிளம்பிட்டாங்க. ஒரு கிழட்டுக் குதிரைக்காக முப்பது வருஷப் பேரைக் கெடுத்துக்காதீங்க."

ஐம்பத்தாறு வெளியே வந்து நின்றார். ஜன்னல் வழியாகக் கொட்டகை தெரிந்தது. சவாரிக்காரம்மா டீச்சரின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தார். வெளியூருக்கு அனுப்புகிற பிள்ளைக்குத் தலைவாருவதுபோல் அத்தனை பொறுமையாகச் சீவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறுக்கு அழுகை வந்தது. அழுவது வேறு, செய்வது வேறு என்று தோன்றவும், உறைபெட்டிப் பக்கம் திரும்பினார்.

இயக்குநருக்கு ஒரு பழக்கம் உண்டு. சர்க்கரை பார்க்க வெளியே போனால் காசு செலவாகும் என்று, மாதாமாதம் கால்நடை ஆய்வகத்திலேயே கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிடுவார். பார்த்ததுபோக மிச்சமான சீரம் அவருடைய பதவிப் பெயரோடு பெட்டியில் இருந்தது. ஐம்பத்தாறு அதை எடுத்தார். தன் விரலையும் குத்திக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். இரண்டையும் தொட்டியில் ஐம்பத்தாறு டிகிரி காட்டினார், கழுதைச் சூட்டுக்கு மனம் சபலப்பட்டும் முறை தவறவில்லை. கிருமிச் சாறு. பழைய புட்டியின் கடைசிச் சொட்டுகள். ஆட்டு அணுக்கள். கொஞ்ச நேரம் சூட்டுப்பெட்டி.

ஊசிக்காரர்களின் வண்டி வாசலில் வந்து நின்றபோது, இரண்டு குழாய்களோடு மறுபடி இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்.

"பாருங்க சார். நல்லாப் படிஞ்சிருக்கு, பொத்தான் மாதிரி."

"இது எந்தக் குதிரை?"

"இது நான் சார். அது நீங்க."

இயக்குநரின் கை தானாக மூக்குக்குப் போனது. "என்ன சொல்றீங்க?"

"ரெண்டு பேருக்கும் கிளாண்டர்ஸ். டீச்சரைச் சோதிச்ச அதே புட்டி. பிழையற்ற சேவைன்னு நீங்க கையெழுத்துப் போட்ட அதே கை. உங்களுக்கு வேற மூக்கு ஒழுகுது. டீச்சருக்கு அதுகூட இல்ல."

"யோவ், நான் மனுஷன்யா."

"மனுஷனுக்கும் வரும் சார். ஊசிக்காரங்க கீழதான் நிக்கறாங்க. மூணு பேருக்கும் சேர்த்தே சொல்லிரலாமா, இல்ல புட்டி செத்துப்போச்சுன்னு எழுதலாமா? ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்க முடியும்."

இயக்குநர் குழாயையே வெறித்தார். தன் பதவிப் பெயர் ஒட்டியிருந்த குழாய். அது சிவக்காதா என்று லேசாக ஆட்டிக்கூடப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சப்போய், பாதியில் நிறுத்திக்கொண்டு, பேனாவை எடுத்தார். முந்தைய முடிவு செல்லாது, குதிரைக்கு நோயில்லை என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'உறைபெட்டியின் ஒத்துழையாமை' என்று போட்டார். அந்த அப்பாவி உறைபெட்டிக்கு அதற்குப்பின் விசாரணைகூட நடந்தது. ஐம்பத்தாறு தன் பெயரைப் போடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. பத்திரத்தைச் சுவரிலிருந்து இறக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. கன்ட்ரோல் குழாயை மட்டும் அவர் யாரையும் கேட்காமல் அன்றே திரும்ப வைத்துவிட்டார்.

காகிதத்தைத் தானே எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஊசிக்காரர்கள் படித்துப் பார்த்துவிட்டு, வீண் அலைச்சல் என்று முனகியபடி கிளம்பினார்கள். சவாரிக்காரம்மா சீப்பைக் கீழே போட்டுவிட்டு டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அழுது முடிக்கும்வரை ஐம்பத்தாறு தள்ளியே நின்றார்.

"அப்ப அதுக்கு என்னதான் சார் இருந்துச்சு?"

"அதுக்கு ஒண்ணும் இல்லம்மா. என்கிட்டதான் இருந்துச்சு. நான் தப்புப் பண்ணிட்டேன்."

அந்தம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, குதிரையின் பக்கம் கையைக் காட்டினார். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? சாக இருந்தது அது. அதுகிட்ட சொல்லுங்க."

ஊசிக்காரர்களின் வண்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. மாடி ஜன்னலில் ஆய்வகத்து ஆட்கள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தாறு குதிரைக்கு எதிரே போய் நின்றார். கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

"தப்புப் பண்ணிட்டேன் டீச்சர்" என்றார்.

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு மெதுவாக, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டியது. ஐம்பத்தாறு சட்டென்று நிமிர்ந்து நின்றார்.